உங்கள் செய்முறையை இன்னொருவர் செய்து பார்க்க முடியுமா?

மாணவர்களே, ஆய்வு அறிக்கையில் ‘செய்முறை’ பகுதியை எப்போது எழுதுகிறீர்கள்? பலர் அதைக் கடைசியில்தான் எழுதுகிறார்கள். அட்டவணை, வரைபடம், முடிவு எல்லாம் அழகாக முடிந்த பிறகு, “கருவிகள் இணைக்கப்பட்டன, அளவுகள் எடுக்கப்பட்டன” என்று நான்கு வரி. அந்த நான்கு வரியை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்து வகுப்பு மாணவர் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அதே சோதனையைச் செய்து அதே முடிவைப் பெற முடியுமா? முடியாது என்றால், உங்கள் முடிவு சரியா தவறா என்று யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது.

கணினியில் செய்யும் ஆய்வுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று தோன்றலாம். சமையலில் கைப்பக்குவம் மாறும். நிரலுக்கு ஏது கைப்பக்குவம்? ஒரே நிரல், ஒரே தரவு என்றால் ஒரே விடைதானே வர வேண்டும்?

வரவில்லை. 2014-ஆம் ஆண்டு ‘நேச்சர் புரோட்டோகால்ஸ்’ என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. செய்முறைகளை விளக்குவதற்காகவே நடத்தப்படும் இதழ் அது. ஒரு மூலக்கூறு காந்தப்புலத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணினியில் கணக்கிட்டு, ஆய்வகத்தில் அளந்த மதிப்போடு ஒப்பிட்டு, அதன் வடிவத்தை உறுதிப்படுத்துவது எப்படி என்று அக்கட்டுரை படிப்படியாகச் சொன்னது. பைத்தான் மொழியில் எழுதிய நிரலையும் கூடவே கொடுத்திருந்தார்கள். இதற்குமேல் என்ன வேண்டும்?

2019-இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நிரலைப் பயன்படுத்தியபோது விடைகள் ஒத்துப்போகவில்லை. ஒரே கோப்புகளை வெவ்வேறு கணினிகளில் கொடுத்துப் பார்த்தார்கள். விண்டோஸ் 10-இலும் மேக் மேவரிக்ஸிலும் 173.2 என்று வந்தது. மேக் மொஹாவியில் 172.7. உபுண்டு 16-இல் 172.4. வேறுபாடு சிறியதுதான். ஆனால் இந்த வேலையில் ஒன்றுக்கொன்று நெருக்கமான இரண்டு வடிவங்களில் எது சரி என்று இப்படிப்பட்ட சிறிய வேறுபாடுகளை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். தவறான வடிவத்தைச் சரி என்று நம்பினால், அதன்மேல் கட்டும் அடுத்த ஆய்வும் ஆட்டம் காணும்.

காரணம் என்ன தெரியுமா? கோப்புகளின் வரிசை! ஒரு கோப்புறையில் உள்ள கோப்புகளைப் பட்டியலிட அந்த நிரல் பைத்தானின் ‘குளோப்’ என்ற வசதியைப் பயன்படுத்தியது. குளோப் கோப்புகளை அகர வரிசையில் தரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கணினி எந்த வரிசையில் கொடுக்கிறதோ அதே வரிசையில் அப்படியே தரும். நிரலோ கோப்புகள் சரியான வரிசையில்தான் வரும் என்று எதிர்பார்த்தது. அதை எழுதியவர்களின் காலத்துக் கணினியில் அப்படித்தான் வந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. பட்டியலை முதலில் வரிசைப்படுத்தச் சொல்லும் ஒரு கட்டளை இருந்திருந்தால் போதும்.

இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நிரலைக்கூட வெளியிட்டார்கள். ஆனாலும் “கோப்புகள் இந்த வரிசையில் இருக்க வேண்டும்” என்பது எங்கும் எழுதப்படவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நாம் நினைப்பதுதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். ரோபோட்டிக்ஸ் கழகத்தில் பலரும் பயன்படுத்தும் மீயொலி சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கிறது. அந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் தூரம் கிடைக்கும். ஒலியின் வேகம் எவ்வளவு? இணையத்தில் கிடைக்கும் நிரல்கள் சிலவற்றில் விநாடிக்கு 340 மீட்டர் என்றும், சிலவற்றில் 343 மீட்டர் என்றும் இருக்கும். 343 என்பது ஏறக்குறைய 20 பாகை செல்சியஸுக்கு உரிய வேகம். குளிர்சாதனம் ஓடும் கணினி அறைக்கு அது பொருந்தலாம். நம் ஊர் நண்பகலில், 32 பாகை வெயிலில், சிற்றுண்டிச்சாலை மேசையில் வைத்து அளந்தால் ஒலியின் வேகம் ஏறக்குறைய 351 மீட்டர். அப்போது சரியாக 100 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் சுவரை, 343 என்று எழுதிய நிரல் சுமார் 98 சென்டிமீட்டர் என்று காட்டும். 340 என்று எழுதிய நிரல் 97 என்று காட்டும். இரு குழுக்களும் “சென்சார் சரியில்லை” என்று சென்சாரைத் திட்டிக்கொண்டிருக்கும். பாவம் சென்சார்!

“மீயொலி சென்சார் மூலம் தூரம் பலமுறை அளக்கப்பட்டது” என்று எழுதினால் இந்தக் குழப்பத்தை அவிழ்க்கவே முடியாது. அதையே இப்படி எழுதலாம்:

“எச்சி-எஸ்ஆர்04 மீயொலி சென்சார், அர்டுயினோ ஊனோ பலகையுடன் இணைக்கப்பட்டு, மேசையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில், சமதளமான சுவருக்கு நேர் எதிரே வைக்கப்பட்டது. சென்சாரின் முன்விளிம்பிலிருந்து சுவர் வரை 20, 40, 60, 80, 100 செ.மீ. தூரங்கள் எஃகு அளவுநாடாவால் குறிக்கப்பட்டன. ஒவ்வொரு தூரத்திலும் அரை விநாடி இடைவெளியில் 10 அளவுகள் எடுக்கப்பட்டன. அறை வெப்பநிலை 32 பாகை செல்சியஸ். நிரலில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். சுழியம் காட்டிய 2 அளவுகள் நீக்கப்பட்டு, எஞ்சிய 48 அளவுகளைக் கொண்டு ஒவ்வொரு தூரத்துக்கும் சராசரி கணக்கிடப்பட்டது.”

இதில் அலங்காரமான சொல் ஒன்றும் இல்லை. “பலமுறை”, “சிறிது நேரம்”, “போதுமான அளவு” போன்ற சொற்கள் இருந்த இடத்தில் எண்கள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். மாணவர்கள் எழுதத் தயங்குவது கடைசி வாக்கியத்தைத்தான். அளவுகளை நீக்கியதாகச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்று பயம். அறிக்கையைத் திருத்தும் எனக்கு மிகவும் பிடித்த வரியே அதுதான். எத்தனை அளவுகள் நீக்கப்பட்டன, ஏன் நீக்கப்பட்டன என்று சொன்ன மாணவரின் மற்ற எண்களையும் நம்பிப் படிக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு செயல்திட்டம் செய்பவர்களுக்கு ஒரு சொல். கணினியைப் பயிற்றுவிக்கும்போது அது படங்களைத் தற்செயலாகக் கலைத்து எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் விடை கொஞ்சம் மாறும். தற்செயல் எண்களின் தொடக்க மதிப்பையும், பயன்படுத்திய மென்பொருளின் பதிப்பையும் குறித்து வையுங்கள். எத்தனை முறை ஓட்டினீர்கள் என்பதும் வேண்டும். நன்றாக வந்த ஒன்றை மட்டும் காட்டக்கூடாது. பெரிய ஆய்வாளர்களுக்கும் இதே விதிதான். நியூரிப்ஸ் என்ற புகழ்பெற்ற மாநாடு, 2019 முதல் கட்டுரை அனுப்புவோரிடம் இப்படிப்பட்ட விவரங்களைக் கேட்கும் சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறது.

இந்த வாரம் ஒரு சிறு சோதனை. ஒரு கோப்புறையில் ‘படம்1’ முதல் ‘படம்10’ வரை பத்துக் கோப்புகளை உருவாக்குங்கள். முதலில் பைத்தானில் குளோப் தரும் பட்டியலை அச்சிடுங்கள். பிறகு அதே பட்டியலை வரிசைப்படுத்தச் சொல்லி மீண்டும் அச்சிடுங்கள். மூன்றாவதாக, கோப்புறையைத் திறந்து திரையில் தெரியும் வரிசையைப் பாருங்கள். ‘படம்10’ மூன்றிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா? முடிந்தால் வேறு இயங்குதளம் உள்ள நண்பரின் கணினியிலும் செய்து பாருங்கள். பிறகு, “கோப்புகள் வரிசையாகப் படிக்கப்பட்டன” என்ற வாக்கியத்தை, உங்களைச் சந்திக்கவே வாய்ப்பில்லாத ஒருவருக்காக மாற்றி எழுதுங்கள்.