அடிபட்ட பிள்ளையும் அடித்த பிள்ளையும்



சண்டையில் காயம்பட்டு வருகிற வாலிபனை மருத்துவமனையில் "அடிபட்டவன்" என்று எழுதிக்கொள்கிறோம். காவல் நிலையத்தில் அதே பையன் வேறொரு வழக்கில் "அடித்தவன்" என்று எழுதப்பட்டிருக்கக்கூடும். இதை நம் மனம் எளிதில் ஏற்பதில்லை. ஒருவன் மேல் இரங்கவும், மற்றவன் மேல் கோபப்படவுமே பழகியிருக்கிறோம்.

அடிபட்டவன் பயப்படுகிறான். சொன்னால் நம்புவார்களோ என்று தயங்கி, யாரிடமும் சொல்வதில்லை. துணைக்கு ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொள்கிறான். இடுப்பில் கத்தி ஏறுகிறது. அடுத்த சண்டையில் அவன் கையே முந்துகிறது. ராசிங்காபுரம் போன்ற மலையடிவார ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டக் கூலிக்குப் போகும் தாய், இருட்டிய பின் வந்து பிள்ளையின் முதுகைத் திருப்பிப் பார்க்க நேரம் ஏது? அவளைக் குறை சொல்லவில்லை, பிழைப்பு அப்படி.

அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடம், சிறுவயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவுள்ள 908 பேரையும், அப்பதிவு இல்லாத 667 பேரையும் ஒப்பிட்டு 1989-இல் எழுதினார். முதல் பிரிவில் 26 சதவீதம் பேர் இளம்பருவத்திலேயே கைதாகியிருந்தனர். இரண்டாவதில் 17 சதவீதம். வித்தியாசம் பெரிது. ஆனாலும் அடிபட்டவர்களில் நான்கில் மூன்று பேர் அந்த வயதில் கைதாகவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

ஆகவே அடிபட்ட எவனையும் சந்தேகிப்பது பாவம். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில், வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்ட தலித் மாணவன் எவரையும் திருப்பி வெட்டவில்லை. படிப்பைத் தொடர்ந்து பிளஸ் டூ தேறினான். பிடிபட்டவர்களும் பள்ளி வயதுச் சிறுவர்களே. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது.

நம் நாட்டுச் சட்டமோ இந்த இரட்டை நிலையை ஒப்புக்கொண்டிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட சிறுவனே பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையாகவும் இருக்கலாம் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 8-ஆம் பிரிவில் சொல்கிறது. அப்படிப்பட்டவனின் காரியத்தை இளைஞர் நீதிக் குழுமம், குழந்தைகள் நலக் குழுவுக்கு அனுப்பலாம். ஆனால் அவன் முன்பு அடிபட்டதை யாராவது குழுமத்துக்குச் சொல்லவேண்டுமே! தையல் போடுகிறவர் கண்ணில்தான் பழைய தழும்புகள் முதலில் படுகின்றன. "இது எப்போது, யாரால்?" என்று தனியே கேட்டு, பதில் வந்தால் நோயாளிச் சீட்டில் எழுதிவைக்க ஐந்து நிமிடம் போதும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அவனிடம் சொல்லியனுப்பலாம்.