பேப்பர் இல்லாத பைக் வேண்டவே வேண்டாம்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போனால் காவிரிக்கு அக்கரை கர்நாடகம். எல்லைப்பக்கம் என்பதால் கே.ஏ. நம்பர் வண்டியைப் பார்த்து இங்கே யாரும் சந்தேகப்படுவதில்லை. ‘ஆர்.சி. புக் அப்புறம் தர்றேன்’ என்று அடிமாட்டு விலைக்கு பைக்கை நீட்டுகிறவர்களுக்கு அதுவே வசதி. திருட்டு வண்டி என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. பாதி விலைக்கு வாங்கிவிட்டு, தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

வாங்குமுன் குனிந்து பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் சேஸிஸ் நம்பர் இருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு விரலால் தடவுங்கள். ராவிய தடம், அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட், மேலும் கீழுமாக ஏறி இறங்கும் எண்கள், இதில் ஒன்று தென்பட்டாலும் விலகிவிடுங்கள். சேஸிஸ், இன்ஜின் நம்பர்களை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். வெளிமாநில வண்டியானால் அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று கட்டாயம். திருடுபோன வண்டியா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் தேடலாம்.

ஆனால் வழக்குப் பதிவான வண்டிதான் அந்தப் பட்டியலில் ஏறும். அதனால்தான், வண்டியைப் பறிகொடுத்தவர்கள் சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது மனு ஏற்பு ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். ஆகாது. எங்கே திருடுபோனாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு. பதிய மறுத்தால் புகாரை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். இன்சூரன்ஸ் பணத்துக்கும் எஃப்.ஐ.ஆர்.தான் ஆதாரம். போலீசில் உடனே புகார் தந்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காட்டி இழப்பீட்டை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நண்பன் கொண்டுவந்த வண்டியில் ஒரு ரவுண்டு போய் மாட்டிக்கொள்ளும் பையன்களும் இருக்கிறார்கள். கைதானால், 2022-ஆம் ஆண்டின் அடையாளச் சட்டப்படி எடுக்கப்படும் கைரேகை 75 ஆண்டுகள் வரை ஆவணத்தில் இருக்கும். முன்பு தண்டனை பெறாதவர் இறுதியாக விடுதலையானால், நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாதவரை அதை அழித்தாக வேண்டும். இறுதித் தீர்ப்பு வந்ததும் அழிக்கும்படி வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள். திருட்டே தொழிலாகிவிட்டால் 1982-ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் 12 மாதம் வரை உள்ளே வைக்க முடியும்.

பறிகொடுத்த வண்டி கிடைத்துவிட்டதா? ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடாதீர்கள். நீதித்துறை நடுவரிடம் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகலோடு மனு போடுங்கள். போட்டோ எடுத்து, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு, உரியவரிடம் வண்டியைச் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது.