அம்மையாரின் லிங்க்டு லிஸ்ட்

காரைக்காலில் ஆனி மாச மாங்கனித் திருவிழாவுல நீங்களும் மாம்பழம் பிடிச்சிருப்பீங்க. அந்த அம்மையார் எழுதினதைப் படிச்சிருக்கீங்களா? இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு அவர் வெறும் மாம்பழக் கதைதான். 'அற்புதத் திருவந்தாதி'யை முதல் தடவை கண்ணாலேயே மேய்ந்துவிட்டு, ஒண்ணும் புரியாம மூடி வெச்சேன்.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படித்த பிறகு திரும்ப எடுத்தேன். மொத்தம் 101 வெண்பா. ஒன்று முடிகிற இடத்தில் இருந்துதான் அடுத்தது தொடங்கும். கடைசி வெண்பா முடியும் அதே சொல்லில் முதல் வெண்பா தொடங்குகிறது. சர்க்குலர் லிங்க்டு லிஸ்ட்தானே!

சுவடியில் ஓர் ஏடு இடம் மாறினாலும், இந்தச் சங்கிலியை வைத்தே வரிசையைச் சரிசெய்யலாம். மனப்பாடம் செய்பவருக்கு அடுத்த பாட்டின் முதல் சொல் நாக்கிலேயே நிற்கும். எழுத்து என்றால் பார்த்துப் படிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இது காதுக்காகவும் கட்டப்பட்டது. வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க.

பாதி வெண்பாவுக்கு எனக்கு இன்னும் உரை வேணும். தினம் ராத்திரி அஞ்சு படிக்கிறேன், ஹாஸ்டல் மொட்டைமாடியில், சத்தமா.