மலை மண்ணாகி ஏரி சேரும் விதம்

மலை அசையாப் பொருள் என்று ஜனங்கள் எண்ணுவது வழக்கம். உண்மையில் அது மழைதோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்து வயலுக்கும், ஏரிக்கும், முடிவில் கடலுக்கும் போய்ச் சேருகிறது. இது நடைபெறும் விதத்தைத் தாம்பரத்தின் சுற்றுப்புறத்திலேயே காணலாம்.

பாறை உளுத்தல்

பல்லாவரம், பரங்கிமலை ஆகிய குன்றுகள் கருநீலச் சாயலுள்ள கடினமான கல்லால் ஆனவை. கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறைக் கல்லும் இவ்வினத்ததே. அதுபற்றி 1893-ம் வருஷத்தில் தாமஸ் ஹாலந்து என்ற பூதத்துவ சாஸ்திரி இக்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். இத்தகைய கல்லும் அழியாததன்று. அதன் வெடிப்புகளில் மழை ஜலமும் மர வேர்களும் புகுகின்றன. ஜலம் பட்ட பாகம் உளுத்து, அதிலுள்ள இரும்பு துருவேறிச் செந்நிறமடைகிறது. ஒரு பகுதி களியாகவும், உளுக்காத பகுதி மணலாகவும் பிரிகின்றன. மூலைகள் முதலில் உதிர்வதால், எஞ்சிய கல் உருண்டைப் பாறையாக நிற்கிறது.

மண் அரிப்பு

புல்லும் புதரும் உள்ள சரிவில் மழைத்துளியின் வேகம் தணிந்து, ஜலம் பூமியில் ஊறும். வெறுஞ் சரிவிலோ அது மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடும். ஓர் அங்குல மண் உண்டாவதற்கு நூற்றுக்கணக்கான வருஷங்கள் செல்லும். அம்மண் ஐப்பசி, கார்த்திகை மாதத்துப் பெருமழைகள் சிலவற்றிலேயே போய்விடக்கூடும்.

வண்டல் படிதல்

ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு பிடி வயல் மண்ணையும் ஜலத்தையும் இட்டுக் கலக்கி வைத்துப் பார்க்கவும். மணல் உடனே அடியில் தங்கும். நுண்மண் பிறகு படியும். களி நெடுநேரம் ஜலத்தைக் கலங்கலாகவே வைத்திருக்கும். பூமியிலும் இவ்வாறே நடக்கிறது. வேகம் குறையும் குன்றடியில் சரளையும், அதற்கப்பால் மணலும், ஜலம் அசைவற்று நிற்கும் ஏரியில் வண்டலும் தங்குகின்றன. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் முதலிய ஏரிகளுக்கும் இவ்விதி பொருந்தும். ஏரியில் ஒரு முழம் வண்டல் ஏறினால், அந்த ஒரு முழ ஜலத்துக்கு அங்கே இடமில்லை.

இதனால் விளையும் நஷ்டம் இருவகைப்படும். கோடையில் ஜலம் போதாது. பெருமழையில் ஜலம் நிற்க இடமிராது. 2015-ம் வருஷம் டிசம்பர் மாத ஆரம்பத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. அவ்வளவு மழைக்குத் தூர் எடுத்தல் ஒன்றே பரிகாரமாகாது. ஆயினும் கால்வாய் அடைபட்டும், ஏரி மேடிட்டும் இருக்குமிடத்தில் சேதம் அதிகமாகும் என்பதில் சந்தேகமில்லை.

சங்கத்தார் செய்யத்தக்கவை

1. சரிவுகளில் புல்லையும் புதரையும் அழிக்கலாகாது. வரப்புகளைச் சரிவுக்குக் குறுக்கே உயர்த்தி, வெட்டிவேர் நடலாம்.

2. மழைக்கு முன்பே வரத்துக்கால்களையும் கலங்கலையும் சுத்தம் செய்ய வேண்டும்.

3. கோடையில் அதிகாரிகளின் அனுமதி பெற்று ஏரி வண்டலை எடுத்து, நிலமுள்ளவர்கள் வயலில் இடலாம். சாக்கடை கலந்த ஏரியின் வண்டலைப் பரிசோதித்த பின்னரே இட வேண்டும்.

மேட்டிலுள்ளவன் இழந்த மண்ணே பள்ளத்திலுள்ளவனுக்கு வெள்ளமாகிறது. ஆகையால் இது தனி ஒருவனால் ஆகும் காரியமன்று. மேட்டாரும் பள்ளத்தாரும் ஒரே சங்கத்தில் கூடிச் செய்தால், அன்று நஷ்டமான மண்ணே மறுபடியும் வயலுக்கு எருவாகும்.