பையனைப் பட்டறையில் சேர்க்கும் முன் ஒப்பந்தத்தைக் கேளுங்கள்

நம் கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் பில் போடும் நேரத்தில் மெல்ல இன்னொன்றும் கேட்பார்கள். "அண்ணே, பையன் பத்தாவது முடிச்சிட்டான். தொழில் கத்துக்க எங்கயாவது சேர்த்துவிடுங்க." நமக்கு நாலு பேரைத் தெரியும். ஒரு பட்டறைக்காரரிடம் சொல்லிச் சேர்த்துவிடுவோம். இந்த விஷயத்தில் நாம் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் கிடங்கில் மூட்டை தூக்கும் ஒருவரின் மகனை, பதினாறு வயதில், ஒரு லேத் பட்டறையில் சேர்த்துவிட்டவர் நாம்தான். மூன்று வருஷம் இருந்தான். படகு எஞ்சின் தண்டு கடையும் அளவுக்குக் கை தேறிவிட்டது. சம்பளம் பீஸ் கணக்கு. பிறகு ஒரு பெரிய தொழிற்சாலையில் ஆள் எடுத்தபோது போனான். "அப்ரண்டிஸ் சர்டிபிகேட் எங்கே?" என்றார்கள். அவனிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பில் இல்லாமல் ஒரு டின் எண்ணெய் இறக்க மாட்டோம். ஒரு பையனின் மூன்று வருஷத்தை மட்டும் வாய்ப்பேச்சில் இறக்கிவைத்தோம்.

1961ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டப்படி, அப்ரண்டிஸ் என்றால் முதலாளியும் பையனும் கையெழுத்திட்டு அரசிடம் பதிவான ஒப்பந்தம் வேண்டும். பையன் மைனராக இருந்தால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். வயது 14 நிரம்பியிருக்க வேண்டும், ஆபத்தான தொழிலுக்கு 18. மாத உதவித்தொகை கட்டாயம், பீஸ் கணக்கில் கொடுக்கக் கூடாது. பயிற்சியில் காயம் பட்டால் இழப்பீடு முதலாளி பொறுப்பு. கடைசியில் தேர்வு எழுதித் தேறினால் தேசிய அளவில் செல்லும் சான்றிதழ். முடித்தவனுக்கு அங்கேயே வேலை தரவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் பொதுவாக இல்லை. இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எங்கே விண்ணப்பிப்பது? நம் திருவேட்டக்குடியிலேயே என்.ஐ.டி. வளாகம் இருக்கிறது. அது பன்னிரண்டாவது முடித்து நுழைவுத் தேர்வு எழுதி வருகிறவர்களுக்கு. பத்தாவது படித்த பையனுக்கு நல்ல வழி, ஐ.டி.ஐ.யில் பிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று ஒன்றை முடித்துவிட்டு அப்ரண்டிஸ் போவது. பிட்டருக்கு இரண்டு வருஷம், வெல்டருக்கு ஒன்று. ஓ.என்.ஜி.சி. நிறுவனம் அப்ரண்டிஸ் எடுக்கும் இடங்களில் காரைக்காலும் உண்டு. நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் திருச்சி பெல் நிறுவனமும் எடுக்கின்றன. ரயில்வேயின் பொன்மலைப் பணிமனையும் எடுக்கிறது. அது நமக்கு அன்னியமான இடமில்லை, 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து போனதுதான். தெற்கு ரயில்வே அறிவிப்பில் புதுச்சேரி மாநிலத்தாருக்கும் இடமுண்டு. ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் 1 பணிகளில் 20 சதவீதம் ஒதுக்கீடும் இருக்கிறது. சர்டிபிகேட்டின் விலை அங்கே தெரியும்.

இந்த இடங்களுக்குப் பெரும்பாலும் மதிப்பெண் வரிசைப்படிதான் தேர்வு. ஆகவே "இடம் வாங்கித் தருகிறேன், இத்தனை கொடு" என்று வருகிறவரைக் கடை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் பையன் பெயரைப் பதிவு செய்துகொண்டு, நிறுவனங்களின் அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். சேவை மையத்தில் உட்கார்ந்தால் அரை மணி வேலை. பெரும்பாலோர் சறுக்குவது வேறு இடத்தில். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் சீட்டில் பின்னால். அப்பா பெயரில் ஓரிடத்தில் ஓர் எழுத்து கூடுதல். அறிவிப்பு வந்தபின் திருத்த ஓடினால் கடைசித் தேதி போய்விடும், பத்தாவது மார்க் சீட்டு வந்த கையோடு ஒத்துப்பார்த்துவிட வேண்டும். நம் பக்கத்தாருக்கு இன்னொன்று: புதுச்சேரி அரசின் எம்.பி.சி., இ.பி.சி. சான்றை மத்திய நிறுவனங்கள் ஏற்பதில்லை. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். வங்கிக் கணக்கு பையன் பெயரில், ஆதாரோடு இணைந்து இருக்கட்டும். 2016இல் வந்த தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனமானால், உதவித்தொகையில் அரசின் பங்கு 2023 முதல் நேராக அந்தக் கணக்குக்கே வருகிறது.

முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகவேண்டும். நாலு பேர் முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள இடத்துக்கு அது விருப்பம். நம் உறுப்பினர்கள் சிலரின் கடைகள் அந்தக் கணக்கில் வரும். உள்ளூர்ப் பட்டறைகளும் வரும். அடுத்த முறை ஒரு பையனுக்காகப் பட்டறைக்காரரிடம் பேசும்போது, "பதிவு செய்து எடுத்துக்கொள்வீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நம் கையில்தான் இருக்கிறது.

நம் கிடங்குக்காரர் மகன் இப்போது ஐ.டி.ஐ.யில் பிட்டர் இரண்டாம் ஆண்டு. வயது இருபது. தன்னைவிட நாலு வயது இளைய பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ரயில்வேயில் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு உச்ச வயது 24. அதற்குள் வருகிற ஒவ்வோர் அறிவிப்புக்கும் விண்ணப்பம் போட, அவனுடைய ஆதார் நகலும் மார்க் சீட்டு நகலும் நம் கல்லாப்பெட்டியிலேயே ஒரு கவரில் இருக்கின்றன.