பன்றி வளர்ப்பும் ஆய்வுக்கூட வினைப்பொருள்களும்

திருப்பதி மாவட்டத்து வரதய்யபாளையத்தில் ஒருவர் பத்துப் பன்றிகளை வளர்க்கிறார் எனக் கொள்வோம். ஸ்வைன் ஃபீவர் என்னும் கொள்ளைநோய் புகுந்தால் அவரது முதலீடு முழுவதும் சில வாரங்களில் அழிந்துவிடக்கூடும். இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை, தடுப்பூசியே காப்பு.

நெடுங்காலம் இத்தடுப்பு மருந்து முயல்களின் உடலில் தயாரிக்கப்பட்டது. ஒரு முயலிலிருந்து சுமார் 50 ஊசிகளுக்கே மருந்து கிடைத்தது. இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் உயிரணு வளர்ப்பு முறையில் உருவாக்கிய தடுப்பூசி 2020இல் வெளியிடப்பட்டது. பெருமளவு உற்பத்திக்கு இது வழி வகுத்தது.

எனினும், தடுப்பூசியால் பன்றியின் உடலில் எத்தகைய எதிர்ப்பாற்றல் உண்டாயிற்று என்பதை முழுமையாக அறிய, இரத்த வெள்ளணுக்களையும் வகை பிரித்து எண்ண வேண்டும். ஒவ்வொரு வகை அணுவின் மேற்பரப்பிலும் தனி அடையாளப் புரதங்கள் உள்ளன. அவற்றில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள்களே இங்கு வினைப்பொருள்கள். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டறிந்த முறையால் இவற்றை ஒரே தன்மையுடன் வேண்டிய அளவு தயாரிக்க இயலும்.

மனிதருக்கும் எலிக்கும் இத்தகைய பொருள்கள் ஏராளம். பன்றிக்கோ மிகக் குறைவு. மனிதருக்கென ஆக்கியவற்றுள் பல, பன்றியின் அணுக்களில் ஒட்டுவதில்லை. மேலும், சி.டி.4, சி.டி.8 ஆகிய இரு அடையாளங்களையும் ஒருங்கே தாங்கிய அணுக்கள் மனித இரத்தத்தில் அரிது, பன்றியிடம் மிகுதி. ஆகவே, மனித உடலின் அளவுகோலை அப்படியே பன்றிக்குப் பொருத்துதல் தவறாகும்.

சந்தை சிறிதாகையால் தனியார் முதலீடு தயங்குகிறது. பலரும் பயன்பெறுவர், செலவிட எவரும் முன்வரார். இத்தகைய பணியை ஏற்பது அரசின் கடமை. அமெரிக்க வேளாண் துறை இதற்கெனக் கூட்டுத் திட்டத்திற்கு நிதி அளித்தது. நம் நாட்டிலும் அகில இந்திய ஒருங்கிணைந்த பன்றி ஆராய்ச்சித் திட்டத்தின் மையம் ஒன்று திருப்பதியிலேயே இயங்கி வந்துள்ளது.

2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் பன்றிகள் சுமார் 90.6 லட்சம், 2012ஐவிட 12 சதவீதம் குறைவு. இவற்றை வளர்ப்போரில் பெரும்பாலோர் ஏழைகள். சோதனைக்குழாயில் ஒட்டும் அந்தச் சிறு பொருளுக்குச் செய்யும் செலவு, அவர்களது முதலுக்குச் செலுத்தும் காப்பீடேயாகும்.