முறையிடும் ஓசை

முன்பு ஒருமுறை பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பாட்டியின் மறைவைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியிருந்தாள். அதில் 'பிளெயின்டிவ் டெத்' என்றொரு தொடர் இருந்தது. நான் சிவப்பு மையால் முதற்சொல்லை அடித்து, மேலே 'சேட்' என்று எழ்திக் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஏட்டுடன் வந்து நின்றாள். "டீச்சர், அகராதியில் 'துயரமான' என்றுதானே போட்டிருக்கிறது? பாட்டி இறந்தது துயரமில்லையா?"

எனக்கு உடனே விடை வரவில்லை. "அப்படி எழுதும் வழக்கமில்லை" என்று சொல்லி அனுப்பினேன். அது விடையாகாது என்பது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அன்றிரவு பெரிய அகராதியைப் புரட்டிய பிறகே தெளிவு பிறந்தது. மற்ற மாணவியருக்கும் பயன்படட்டுமே என்று இங்கே எழுதுகிறேன்.

இச்சொல்லின் வேர் 'பிளாங்கெரே' என்னும் இலத்தீன் வினை. அடித்தல் என்பது அதன் முதற்பொருள். துக்கத்தில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதல் என்பது அதிலிருந்து கிளைத்த பொருள். இழவு வீட்டில் மாரடித்து அழுவதைக் கண்டிருக்கும் நமக்கு, அடியும் அழுகையும் ஒரே சொல்லில் குடியிருப்பது வியப்பாகாது. பிரெஞ்சு மொழி வழியாக 14ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்கு வந்தது. குறை கூறுதலாகிய 'கம்ப்ளெயின்' இதன் உறவு. வழக்குத் தொடுப்பவரைக் குறிக்கும் 'பிளெயின்டிஃப்' இதன் உடன்பிறப்பே. தொடக்கத்தில் இரண்டும் ஒரே சொல். நீதிமன்றம் ஏறியது 'ஐ, எஃப், எஃப்' என முடியும். வெளியில் நின்று அழுவது 'ஐ, வி, ஈ' என முடியும். தேர்வில் பலர் தவறுவது இங்கேதான்.

ஆக, 'பிளெயின்டிவ்' என்பது வெறும் துயரமன்று. காதில் விழும் துயரம். அதிலும், யாரிடமோ எதையோ முறையிடுவது போன்ற துயரம். குரல், அழுகை, புல்லாங்குழலின் இசை ஆகியவற்றுக்கு இது பொருந்தும். சில வேளை பார்வைக்கும் சொல்வதுண்டு. வாய் திறவாமல் கண்ணே முறையிடும்போது. மரணமோ விபத்தோ செய்தியோ முறையிடுவதில்லை. ஆகவே அவற்றுக்கு அடைமொழியாக இது வாராது. பேரோலத்துக்கும் இது பொருந்தாது. மெல்லிய, இழுத்த ஒலிக்கே உரியது. அதே வேரில் பிறந்த 'பிளேஞ்சன்ட்' என்ற சொல்லோ அதிர்ந்து முழங்கும் ஒலிக்கு உரியது. கரையில் மோதும் அலையைப் பற்றியே முதலில் வழங்கியது.

'பிளெயின்டிவ் குக்கூ' என்றே பெயர் பெற்ற குயிலினம் ஒன்று வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்கிறது. நம் பக்கத்துச் சாம்பல் வயிற்றுக் குயிலையும் ஒரு காலத்தில் அதே இனமாகக் கருதி அப்பெயரால் அழைத்தனர். அந்தப் பறவைக்குத் துக்கம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. கேட்டவருடைய செவிதான் அதில் முறையீட்டைக் கேட்டது!

தமிழில் இதற்கு ஈடு உண்டா? 'சோகமான' என்று எழுதினால் ஓசை போய்விடுகிறது. ஆனால் நம் பழஞ்சொற்களில் ஓசையும் துயரமும் பிரியாமல் இருந்தன. 'அழுங்கல்' என்ற சொல்லுக்கு ஆரவாரம் என்றும் இரக்கம் என்றும் தொல்காப்பியம் பொருள் கூறுகிறது. 'இரங்கல்' என்பதும் அவ்வாறே: முரசு இரங்கும், மனமும் இரங்கும். வீரமாமுனிவர் மரியன்னையின் துயரைப் பாடிய நூலுக்கு 'அன்னை அழுங்கல் அந்தாதி' என்று பெயரிட்டார். இத்தாலியில் பிறந்தவருக்கு அகப்பட்ட அச்சொல்லை நாம் கைவிட்டுவிட்டோமே என்று எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

இவற்றையெல்லாம் அந்த மாணவியிடம் சொன்னேன். பாட்டியைப் பற்றிய வரியை அவள் அப்படியே விட்டுவிட்டு, அதன்கீழ் புதிதாக ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தாள். பாட்டி தன் கையால் புல் கொடுத்து வளர்த்த கன்றுக்குட்டி, அன்று இரவு முழுவதும் தொழுவத்திலிருந்து 'பிளெயின்டிவ்' குரலில் கத்திக்கொண்டே இருந்ததாம்.

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.